எங்க ஊட்லதான் மொதல்ல

அந்த அம்மாளிடம் எதையும் நல்லது என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அன்று சாயங்காலமே அது அவர் வீட்டில் நடந்துவிடும்.

குண்டு பல்பு மின்சாரத்தைத் தின்கிறது, மின்சாரம் நிலக்கரியைத் தின்கிறது, நிலக்கரி வானத்தைக் கெடுக்கிறது என்று சென்னையிலிருந்து வந்த ஒருங்கிணைப்பாளர் பேரூராட்சி அலுவலகத்தில் பொறுமையாக விளக்கினார். மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் நான் பேரூராட்சித் தலைவரம்மா வீட்டுக்குப் போனபோது அறைக்கு அறை ஹோல்டர்கள் மொட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மின்சாரம் குறைவாகத் தின்னும் சுருள் விளக்கு கடையில் ஒன்றுதான் இருந்ததாம். அது கூடத்துக்கு. மற்ற இடங்களில் மண்ணெண்ணெய் விளக்கு. மண்ணெண்ணெயும் வானத்தைக் கெடுக்கும்தான். ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அதையும் ஊதி அணைத்துவிடுவார். அவர் கணவர் இருட்டிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தார். “திட்டம் நல்ல திட்டம்தான் சார். கால் கட்ட வெரலுதான் எங்க கீதுன்னு தெரில” என்றார்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஏதோ ஒரு குளிர்தேசத்துக்காரர்கள் நம் ஊர்களின் வெப்பத்தைப் பற்றிக் கவலைப்பட்டு நிதி ஒதுக்கியிருந்தார்கள். சிறிய ஊர்கள் சில தாமாகவே உட்கார்ந்து, தங்கள் எல்லைக்குள் எவ்வளவு கரியமில வாயு கிளம்புகிறது என்று கணக்கெடுத்து, அதைக் குறைக்கத் திட்டம் போட வேண்டும். சோழவரத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே, கல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகள் மூச்சு வாங்குகிற அந்தப் பேரூராட்சியும் அதில் தேர்வாகியிருந்தது. ஆங்கிலத்தில் யோசித்ததைத் தமிழில் எழுத ஓர் ஆள் வேண்டும். மூடிப்போன ஒரு பத்திரிகையின் உதவி ஆசிரியராகத் திருநின்றவூரில் பழைய புத்தகங்களோடு உட்கார்ந்திருந்த என்னைப் பிடித்தார்கள். உலகைக் காப்பாற்றும் பணிக்கு நான் இரண்டு ரயில் மாறிப் போய்வந்தேன். வீட்டில் மின்விசிறியை நிறுத்தாமல் கிளம்பிவிட்டேன் என்பது பெரும்பாலும் பேசின் பிரிட்ஜில்தான் நினைவுக்கு வரும்.

முதல் கூட்டத்துக்கு நல்ல கூட்டம். வாயு என்று அறிவிப்பில் இருந்ததால், இலவச கேஸ் அடுப்பு தருகிறார்கள் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. எல்லோர் கையிலும் ரேஷன் கார்டு. விஷயம் தெரிந்ததும் முனகிக்கொண்டே எழுந்து போனார்கள். தலைவரம்மா யாரையும் தடுக்கவில்லை. போகிறவர்களைப் பார்த்து, “எங்க ஊட்லதான் மொதல்ல செய்யப்போறேன். நல்லா இல்லன்னா நீங்க செய்யாதீங்க, அவ்ளோதான்” என்றார். பாதிப் பேர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

இது அவர் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவி. ஜெயித்த பெண்ணின் நாற்காலியில் கணவர் உட்கார்வதுதான் சுற்றுவட்டார வழக்கம். அவர் கணவரும் சலவைச் சட்டையோடு முதல்நாள் வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த அம்மாள் சத்தம் போடவில்லையாம். செயல் அலுவலரைக் கூப்பிட்டு, உறுப்பினர்களின் உறவுக்காரர்கள் அலுவலகத்துக்குள் உட்காரக் கூடாது என்று எழுதச் சொல்லி, அதைக் கணவர் கையிலேயே கொடுத்துச் சுவரில் ஒட்டச் சொன்னாராம். மனிதர் ஒட்டிவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு மற்ற உறுப்பினர்களின் கணவன்மார்களும் வெளியேதான்.

தெருவை அகலப்படுத்த வேண்டி வந்தபோது பொக்லைன் முதலில் இடித்தது அவர் வீட்டு வாசல்படியை. அடுத்தடுத்த வீடுகளில் ஒருவரும் வாய் திறக்க முடியவில்லை. நான் பழகிய காலத்திலும் அவர் வீட்டுக்குள் ஒரு கருங்கல்லைப் போட்டுத்தான் ஏற வேண்டியிருந்தது. புதுப்படி கட்டிக்கொள்ள நேரமில்லை என்றார். குடிநீர்க் குழாய் வந்ததோ அவர் தெருவுக்குக் கடைசியாக. நஷ்டம் என்றால் முதல் ஆள், லாபம் என்றால் கடைசி ஆள். இப்படி ஓர் அரசியல்வாதியை நான் புத்தகங்களில் படித்திருக்கிறேன். புத்தகத்தில் என்றால் சுவாரசியமாக இருக்கும். கூடவே குடித்தனம் நடத்துகிறவர்கள் பாடு வேறு.

கணக்கெடுப்பு நடந்தது. எந்த வீட்டில் விறகு, எந்த வீட்டில் வரட்டி, யாரிடம் வண்டி, குப்பையை எங்கே கொளுத்துகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டோம். மாடுகள் விடும் ஏப்பம்கூடக் கணக்கில் உண்டு என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னபோது, தலைவரம்மா தன் வீட்டு மாட்டை ஒருமாதிரி பார்த்தார். நான் பயந்துபோய், மாட்டைக் குறைக்கச் சொல்லும் திட்டம் எதுவும் கிடையாது என்று அவசரமாகச் சொல்லிவைத்தேன்.

ஊரின் வடக்கே தொழிற்பேட்டை. இரும்பு உருக்கும் ஆலைகளின் குழாய்களிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் புகை கிளம்பி, காற்று திரும்பும் நாட்களில் ஊர்மீது வந்து படியும். வெள்ளைத் துணி காயப்போட்டால் எடுக்கும்போது டீ நிறம். அந்தப் புகை இதில் எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்று தலைவரம்மா திட்ட வரைவைப் புரட்டிக்கொண்டே கேட்டார். பேட்டை பேரூராட்சியின் எல்லைக்குள் இல்லை, அதனால் அது நம் கணக்கில் வராது என்றார் ஒருங்கிணைப்பாளர்.

“பொக மட்டும் உள்ள வருதே” என்றார் தலைவரம்மா.

எல்லை பற்றிய அந்தப் பத்தியைத் தமிழாக்கியவன் நான்தான். நல்ல சரளமான பத்தி.

ஆலைக் குழாய்களைக் கழித்த பிறகு, ஊர் எல்லைக்குள் மிஞ்சிய பெரிய புகை காளவாய்களுடையது. செங்கல் சுடும் சூளைக்கு அங்கே காளவாய் என்று பெயர். ஏரிக்கரை ஓரமாக வரிசையாக இருந்தன. சவுக்கு, உமி, கிடைக்காத காலத்தில் பழைய டயர் என்று எதையாவது போட்டு எரிப்பார்கள். இவற்றை நிறுத்திவிட்டு, அனல்மின் நிலையச் சாம்பலை அழுத்திக் கல்லாக்கும் இயந்திரத்தைப் பாதி மானியத்தில் கொடுப்பது என்று வரைவில் இருந்தது. சுடாத கல், புகையில்லாத தொழில். எழுதும்போதே எனக்குப் பெருமையாக இருந்தது.

காளவாய்க்காரர்கள் கூட்டத்துக்கு வந்தார்கள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்கள். ஒருவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: “தலைவரம்மா எப்பவும் அவங்க ஊட்லதான மொதல்ல செய்வாங்க. அவங்க தம்பி காளவாய் நிக்கட்டும். மறுநாளே நாங்களும் நிறுத்திக்கிறோம்.” மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது விளங்கவில்லை. தலைவரம்மாவுக்கு விளங்கியது. “சரி” என்றார்.

தம்பி அவரைவிட மிகவும் இளையவர். தாய் சீக்கிரமே போய்விட்டதால், இடுப்பில் வைத்து வளர்த்தது அக்காதான். காளவாய் அப்பா வைத்தது. தம்பிக்கு வேறு நிலமோ வேலையோ இல்லை. மாசி மாதம், கல் அறுக்கும் பருவம். களத்தில் பச்சைக் கற்கள் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. தம்பி கையில் சேறோடு ஓடிவந்து, எனக்கு இளநீர் வெட்டச் சொன்னார். அக்கா உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொல்லி முடித்தார். தம்பி களத்தைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

“நீ கேட்டு நான் இல்லன்னு சொல்லிக்கிறேனாக்கா?”

“மிசினு வரும் தம்பி. ஆடிக்குள்ள வந்துடும். சார் எழுதிக்கிறாரு பாரு” என்று என்னைக் காட்டினார். நான் எழுதித்தான் இருந்தேன்.

“நைனா வெச்சதுக்கா” என்று மட்டும் சொன்னார் தம்பி.  அந்த அம்மாள் தம்பியின் கையைப் பிடித்து, முந்தானையால் அந்தச் சேற்றைத் துடைத்தார்.

அன்றே தீ மூட்டுவது நின்றது. தம்பி ஆட்களை அனுப்பிவிட்டார். அறுத்துவைத்த பச்சைக் கற்களைப் பக்கத்துக் காளவாய்க்காரர் வாங்கிக்கொள்கிறேன் என்றார். விற்றால் அங்கே வெந்து அங்கே புகையும், அப்புறம் நிறுத்தியதற்கு என்ன அர்த்தம் என்று அக்கா தடுத்துவிட்டார். தம்பி அதற்கும் சரி என்றார். கற்கள் களத்திலேயே கிடந்தன. சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. நான் போய்ப் பார்த்தேன். விளிம்பு மழுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, மேடு மேடாக மண். தம்பி ஒரு குச்சியால் அதைக் கிளறிக்கொண்டிருந்தார். மற்றக் காளவாய்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. தம்பிக்கு மிஷின் வரட்டும், பார்த்துவிட்டு நிறுத்துகிறோம் என்று அவர்கள் வார்த்தையை மாற்றிக்கொண்டார்கள்.

மிஷின் வரும் என்று அந்த அம்மாள் நம்பினார். இதில் நகைச்சுவை என்னவென்றால், நானும் நம்பினேன். தம்பி மட்டும் கும்மிடிப்பூண்டி ரயிலில் தொங்கிக்கொண்டு போய், பேட்டையில் ஓர் இரும்பாலையில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்தார். கணக்கில் வராத அந்தக் குழாய்க்குக் கீழே பழைய இரும்பு தரம் பிரிக்கும் வேலை.

ஆடி கடைசியில் திட்டம் புத்தகமாக அச்சாகி வந்தது. வழவழப்பான தாள், அட்டையில் ஒரு கை, கையில் ஓர் இலை. சென்னையில் குளிரூட்டிய ஓட்டலில் வெளியீடு. தலைவரம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையை விட்டு இறங்கியதும் அவர் புத்தகத்தை மடியில் விரித்து, விரலால் வரிகளைத் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டு போனார். பல்பு இருந்தது. வரட்டி இருந்தது. மாட்டின் ஏப்பம்கூட இருந்தது. கடைசிப் பக்கம் வரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து வந்தார்.

“தம்பி காளவாய் எங்க சார்?”

எனக்கு அன்றைக்குக் காலையில்தான் தெரியும். குளிர்தேசத்துப் பரிசீலகர்கள் இறுதி வரைவைத் திருத்தியிருந்தார்கள். செங்கல் சுடுவது தொழிற்சாலை வகை, ஆகவே அது ஊர்மக்கள் கணக்கில் சேராது என்று ஒரு குறிப்பு. அதோடு அந்தப் பகுதி முழுவதும் போய்விட்டது. ஒருங்கிணைப்பாளரைத் தேடினேன். அவர் மாற்றலாகி வேறு மாநிலத்துக்குப் போயிருந்தார். நானே சொன்னேன்.

“கம்பெனி பொக எப்டி வெளியவோ, அப்டியா?”

“ஆமாம்மா.”

“மிசினு?”

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் பொன்னாடையை மடித்துப் பையில் வைத்தார். வழக்கமாக நன்றாக மடிப்பவர்தான். அன்று மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டே இருந்தார்.

ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீரோடு வந்து, மாலை போட்டு, பெண்ணின் கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்துப் போக வேண்டும். அதைச் செய்ய ஒரே தாய்மாமன்தான். அதனால் கல்யாணம் முடிகிற வரை விஷயத்தைத் தம்பி காதில் போடவேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் மன்றாடினார்கள். கணவர் சொன்னார், செயல் அலுவலர் சொன்னார், நானும் சொன்னேன். புத்தகம் இன்னும் ஊருக்கு வரவில்லை, சில நாட்களில் என்ன ஆகிவிடப்போகிறது என்றேன்.

“அவன் ஊர்ல எவனாவது சொல்லிக் கேட்டுக்கணுமா சார்? நம்ம ஊட்டு ஆளுக்குத்தான் மொதல்ல சொல்லணும்” என்றார்.

மறுநாள் காலையில் வெற்றிலைத் தட்டில் கல்யாணப் பத்திரிகையை வைத்து எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். விளக்கம் சொல்ல என்னையும் அழைத்துப்போனார். தம்பி இரவு வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் பிறகு சொல்லியிருக்கலாம். அவர் முதலில் விஷயத்தைச் சொன்னார். சுற்றி வளைக்காமல், மானியம் இல்லை, மிஷின் இல்லை, புத்தகத்தில் காளவாயே இல்லை என்று சொல்லிவிட்டு நின்றார்.

தம்பி என்னிடம் திரும்பினார்.

“அப்ப என் காளவாய் பொகையே வுடலியா சார்?”

நான் எல்லை, வகைப்பாடு என்று ஏதோ சொன்னேன். என் தமிழ் அவ்வளவு மோசமாக என்றுமே இருந்ததில்லை. அவர் கேட்டுக்கொண்டார். உள்ளே திரும்பி, சாருக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார். ஒரு டம்ளர்தான் வந்தது. அக்கா நின்றுகொண்டிருந்தார். அக்காவுக்கு என்று அவரும் சொல்லவில்லை, அவர் மனைவியும் கேட்கவில்லை. நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

“பச்சைக் கல்லையாச்சும் விக்க வுட்டிருக்கலாம்கா” என்றார் தம்பி. அவ்வளவுதான் சொன்னார். தட்டை அவர் தொடவில்லை. அக்கா அதைத் தரையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

கல்யாணம் நெடுஞ்சாலை ஓரத்து மண்டபத்தில். காலை முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வந்தாயிற்று, நாஷ்டா நடந்துகொண்டிருந்தது. தாய்மாமன் எங்கே என்று ஐயர் கேட்கத் தொடங்கினார். தலைவரம்மாவுக்குப் பெரியப்பா மகன் ஒருவர் அண்ணன் முறையாகிறார், அவரை வைத்துச் செய்துவிடலாம் என்றார்கள். தலைவரம்மா கொஞ்சம் பொறுங்கள் என்றார். இன்னும் கொஞ்சம் என்றார். பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் அப்பா கைக்கடிகாரத்தை உரக்கப் பார்க்க ஆரம்பித்தபின், பெரியப்பா மகனை அவரே போய்க் கூப்பிட்டார்.

மேளச் சத்தம் எனக்கு ஆகாது என்று யாரிடமோ சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை. பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தார். புது வேட்டி, புதுச் சட்டை. மடியில், துணி போட்டு மூடிய சீர்த்தட்டு. நான் சாலையைக் கடந்து போனேன்.

“வா சார், டீ சாப்டு” என்றார், விசேஷத்துக்கு வந்தவனை உபசரிக்கிற மாதிரி.

உள்ளே எல்லோரும் காத்திருக்கிறார்கள், வாருங்கள் என்றேன்.

“வரணும்னுதான் வெடிகாலம்பற வந்தேன். ரோட்டத் தாண்ட முடியல சார்.”

லாரிகளைச் சொல்கிறார் என்று நினைத்து, நான் கூட வருகிறேன் என்றேன். அவர் இல்லை என்று தலையசைத்தார்.

“உள்ள வந்தா அக்கா அழுவும். அது அழுதா நானும் அழுவேன். அப்பால எல்லாம் சரியாப் பூடும். சரியாப் பூடக் கூடாது சார்.” தட்டின் மேலிருந்த துணியை இழுத்து ஒழுங்குபடுத்தினார். “அது கையிலதான் நான் வளந்தேன். அதுக்கோசரம் எது வேணா குடுத்துருப்பேன். குடுத்தும் பூட்டேன். குடுத்தது ஒண்ணுமே இல்லன்னு அதே வந்து சொல்லிட்டுப் போவுது.”

 நான் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன்.

அப்போது மண்டபத்திலிருந்து கெட்டிமேளம் கேட்டது. தம்பி சட்டென்று எழுந்தார். தட்டில் மஞ்சள் அரிசி இருந்தது. ஒரு பிடி அள்ளி, சாலையின் இந்தப் பக்கத்திலிருந்தே மண்டபத்தை நோக்கி வீசினார். ஒரு கண்டெய்னர் லாரி நடுவில் போனது. அரிசி அதன் காற்றில் எங்கள் மேலேயே வந்து விழுந்தது.

“அக்காகிட்ட சொல்லாத சார்” என்றார்.

நான் சொன்னேன். ரகசியம் காப்பதில் எனக்கு எந்தக் காலத்திலும் நல்ல பெயர் கிடையாது. மணமேடைக்குப் பின்னால் போய், அவர் காதில் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட நிற்கவில்லை. வந்தவர்களையும் வாழ்த்தியவர்களையும் விலக்கிக்கொண்டு, செருப்பில்லாமல், பட்டுப்புடவையின் கொசுவத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே அந்தச் சாலையைக் கடந்தார். ஹாரன் அடித்தவர்கள் அடித்துக்கொண்டே போனார்கள்.

பெஞ்சில் யாரும் இல்லை. சீர்த்தட்டு மட்டும் இருந்தது. அவர் துணியை விலக்கிப் பார்த்தார். பெண்ணுக்கு ஒரு புடவை, மாலை, பழம், வெற்றிலை. ஓரத்தில் இன்னொரு புடவை, அக்காவுக்கு. அவர் அதைத் தொடாமல், தம்பி உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேருந்து நிறுத்தம் இருக்கும் திசையில் பார்த்தார். அங்கே புழுதிதான் இருந்தது.

நெடுநேரம் கழித்து டீக்கடைக்காரரைக் கேட்டார்.

“இங்க உக்காந்திருந்தாரே, அவுரு எதனா சாப்டாரா?”

“டீ வாங்கினாரும்மா. குடிக்கல” என்றார் கடைக்காரர், பெஞ்சின் கீழே கையைக் காட்டி.

அந்த அம்மாள் குனிந்து கிளாஸை எடுத்தார். டீ ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. ஊற்றிவிட்டு வேறு போடுகிறேன் என்று கடைக்காரர் கை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. முந்தானையால் கிளாஸின் விளிம்பைத் துடைத்து, ஆடையை ஒதுக்காமல், அந்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.